பெட்ரோல் மணம் வந்த வழி

உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர், மூக்கினால் அறியும் அறிவை மூன்றாம் படியில் வைத்தார். கண்ணும் செவியும் அதன் மேல் நின்றன. நாமும் வழக்கத்தில் அவ்வாறே செய்கின்றோம். கண் கண்டதை நம்புகின்றோம். செவி கேட்டதை ஆராய்கின்றோம். மூக்கு அறிவித்ததை மட்டும் "ஏதோ வாடை" என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றோம். ஆயினும் கண்ணுக்குத் தோன்றாது, செவிக்கும் எட்டாது வரும் தீங்குகள் சில உள. அவற்றை முன்னறிந்து கூறுவது மூக்கு ஒன்றேயாம்.

1937ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், குழாயினின்று கசிந்த இயற்கை வாயு கட்டடத்தின் அடியில் தேங்கி வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். அவ்வாயுவுக்கு மணம் இல்லாமையால், அது தேங்கி நின்றதை ஒருவரும் உணர்ந்திலர். அதன் பின்னரே, எரிவாயுவில் மணப்பொருள் கலத்தல் வேண்டும் என்று அம்மாகாணத்தார் சட்டம் செய்தனர். இன்று நம் வீட்டு அடுப்பு வாயு கசியும்பொழுது எழும் வாடையும், நம்மை எச்சரித்தற்பொருட்டு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டதேயாகும். பெட்ரோலுக்கோ அத்தகைய சேர்க்கை வேண்டுவதில்லை. அதன் ஆவி தன் வரவைத் தானே அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பைக் கேட்டு அதன் மூலத்தைத் தேடிக் காண்பது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

வினா இது: லாரிக்குப் பெட்ரோல் நிரப்பும்பொழுது, ஓட்டுநர் அமரும் அறைக்குள் பெட்ரோல் மணம் வீசுமாயின், அதன் காரணம் யாது? நம் நாட்டுப் பெரிய லாரிகள் பெரும்பாலும் டீசலால் ஓடுவன ஆதலின், இவ்வினா இங்கு அருகியே எழும். அமெரிக்காவிலோ பிக்கப் எனப்படும் சிறு லாரிகளில் பெட்ரோலால் ஓடுவன மிகப் பல. அவற்றுள் பழையவற்றின் அமைப்பு ஒன்று நாம் கருதத்தக்கது. செவ்ரோலெட் சிறு லாரிகளில் 1972ஆம் ஆண்டு அமைப்பு வரையிலும், ஃபோர்டு சிறு லாரிகளில் 1960களிலும், பெட்ரோல் டாங்கி ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்புறம் நிறுத்தப்பட்டிருந்தது. ஓட்டுநரின் முதுகுக்கும் டாங்கிக்கும் இடையே இருக்கையின் சாய்மானம் ஒன்றே தடையாக இருந்தது. 1973ஆம் ஆண்டின் புதிய அமைப்பில் செவ்ரோலெட் டாங்கி அறைக்கு வெளியே கொண்டுபோகப்பட்டது. எனினும் பழைய லாரிகளைப் பேணி ஓட்டுவோர் அந்நாட்டில் இன்றும் உளர். அவர்க்கு இவ்வினா உயிரைப் பற்றியதாகும்.

அஃது உயிரைப் பற்றியது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுவோம். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருப்பின், அக்கலவை ஒரு பொறியால் தீப்பற்றும். ஓட்டுநர் அறையின் கொள்ளளவை 2,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதனைத் தீப்பற்றும் நிலைக்குக் கொணர 28 லிட்டர் ஆவி போதும். அவ்வளவு ஆவியைத் தருவதற்கு 100 முதல் 150 மில்லி லிட்டர் பெட்ரோல், அஃதாவது ஒரு சிறு டம்ளர் அளவு, ஆவியானாற் போதும். மேலும் பெட்ரோலின் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமுடையது. ஆதலின் அஃது அறை முழுவதும் ஒரேசீராகப் பரவும் வரை காத்திராமல், தரையிலும் இருக்கையின் அடியிலும் தேங்கி நிற்கும். மேலே அமர்ந்தவர் மூக்கில் மெல்லிய மணமே படும்பொழுது, காலடியில் தீப்பற்றும் கலவை திரண்டிருத்தல் கூடும். தீ ஒருபுறம் இருக்க, பெட்ரோலில் உள்ள பென்ஸீன் என்னும் பொருள் மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தார் முதல் வகுப்பில் வைத்துள்ளனர். மைக்கேல் ஃபாரடே 1825இல் கண்டறிந்த பொருள் இதுவே.

இனி, ஆராயும் முறை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதனைத் தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே மருத்துவஞ் செய்தல் வேண்டும் என்று முறை வகுத்தார். மோட்டார் வண்டிக்கும் அம்முறையே பொருந்தும். ஆனால் வண்டியில் மணம் வீசியவுடன் பலர் முதற்கண் செய்வது யாது? டாங்கியின் மூடியை மாற்றுவதே. கண்ணுக்கு எளிதில் தோன்றுவதும், விலை குறைந்ததும், கையால் திருகி மாற்றத்தக்கதும் அதுவே அன்றோ? ஆயினும் சிறிது எண்ணிப் பார்க்க. பெட்ரோல் நிரப்பும்பொழுது மூடி எங்கே இருக்கின்றது? நிரப்புவோன் கையில் இருக்கின்றது, அல்லது பம்பின்மேல் இருக்கின்றது. தன் இடத்தில் இல்லாத ஒன்று, அவ்விடத்தில் நிகழ்ந்த குற்றத்திற்கு எங்ஙனம் பொறுப்பாகும்? நிரப்பும்பொழுது மட்டும் மணம் வருமாயின், குற்றம் மூடியின்மேல் ஏறாது. எளிதில் அகப்பட்டவனைப் பிடித்துத் தண்டிப்பது விசாரணை ஆகாது, வண்டியிலும் அவ்வாறே.

ஆதலின் விசாரணையின் முதல் வினா "எங்கே?" என்பது அன்று, "எப்பொழுது?" என்பதே. மணம் எழும் காலத்தை நான்காகப் பகுக்கலாம். வண்டி ஓடும்பொழுதெல்லாம் மணம் வருமாயின், இயந்திரத்துக்குப் பெட்ரோல் செல்லும் வழியை முதலில் ஐயுற வேண்டும். வெயிலில் நிற்கும்பொழுது மட்டும் வருமாயின், சூட்டால் டாங்கியுள் ஆவி பெருகி, மூடியின் ரப்பர் வழியாகவோ வேறு மெல்லிய பிளவின் வழியாகவோ வெளிப்படுகின்றது எனலாம். டாங்கி நிறைந்திருக்கும் நாளில், வளைவுகளில் திரும்பும்பொழுது வந்து, பாதி குறைந்தபின் நின்றுவிடுமாயின், டாங்கியின் மேற்பகுதியில் உள்ள இணைப்பே காரணமாதல் வேண்டும். பெட்ரோல் அவ்விணைப்பைத் தொடுவது நிறைந்த காலத்தில் மட்டுமே அன்றோ? நான்காவது, நிரப்பும்பொழுது மட்டும் வருவது. நம் வினா இதனைப் பற்றியதே.

நிரப்பும்பொழுது நிகழ்வது யாது? குறுகிய வாயுடைய குடத்தைக் கிணற்று நீரில் அமிழ்த்துவோர் இதனை நாள்தோறும் காண்பர். நீர் உட்புகும்பொழுது, உள்ளிருந்த காற்றுக் குமிழ்களாய் மேலெழுந்து வெளியேறும். வெற்றுக்குடம் என்று நாம் சொல்வது காற்று நிறைந்த குடமே. அவ்வாறே வெற்று டாங்கி என்பதும் ஆவி நிறைந்த டாங்கியாகும். 60 லிட்டர் பெட்ரோலை உள்ளே ஊற்றினால், ஏறக்குறைய 60 லிட்டர் ஆவி கலந்த காற்று எவ்வழியாகவேனும் வெளியேறியே தீரும். வெப்பமான நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் ஆவியே எனக் கொள்ளினும், 20 லிட்டர் ஆகும். முன்னர்க் கூறிய 28 லிட்டரை அது நெருங்கி நிற்றல் காண்க. நிரப்புதல் நின்றவுடன் இத்தள்ளுதலும் நின்றுவிடும். ஆதலின் மற்றக் காலங்களில் அடங்கியிருக்கும் சிறு பிளவு, நிரப்பும் அந்த 2 அல்லது 3 நிமிடங்களில் மட்டும் வாய் திறந்து பேசுகின்றது.

இவ்வாவிக்கென்று ஏற்பட்ட நேர்வழிகள் இரண்டு. ஒன்று, அறையின் சுவரைக் கடந்து வெளியே வரும் ஊற்றுக்குழாய். மற்றொன்று, அதனை ஒட்டி வரும் சிறிய காற்றுக்குழல். இவ்விரண்டும் செவ்வையாக இருப்பின், ஆவி முழுவதும் வண்டிக்கு வெளியே போய்விடும். அறைக்குள் மணம் வந்ததெனின், ஆவி வழிதவறியது என்பது கருத்து. வழிதவறக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, குற்றமற்றவற்றை நீக்கி, எஞ்சியதைக் கொள்ளுதல் வேண்டும். இதனை நம் அளவை நூலார் பாரிசேடம் என்பர்.

முதலாவது, வெளியே சென்ற ஆவியே திறந்த கண்ணாடி வழியாக உட்புகுந்திருத்தல் கூடும். இதில் டாங்கியின் குற்றம் ஒன்றும் இல்லை. இதனைச் சோதிப்பது எளிது. அடுத்த முறை நிரப்பும்முன் இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடிகளையும் காற்றுவாய்களையும் கதவுகளையும் அடைத்து, அனைவரும் இறங்கி வெளியே நிற்க. நிரப்பி முடித்து, மூடியை இட்டபின், கதவைத் திறந்து முகர்ந்து பார்க்க. மணம் இல்லையெனின், முன்னர் வந்தது வெளியிலிருந்து புகுந்ததே. மணம் உண்டெனின், அஃது உள்ளேயே பிறந்தது.

இரண்டாவது, ஊற்றுக்குழாய் அறையின் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் அதனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. நாட்பட்ட ரப்பர் இறுகி வெடிக்கும். அது வெடித்தால், குழாயின் வாயினின்று எழும் ஆவியும், வழிந்த பெட்ரோலும், சுவரின் இடுக்கு வழியே உள்ளே திரும்பும். இங்ஙனமாயின், மணம் குழாய் உள்ள பக்கத்துக் கதவருகே மிகும்.

மூன்றாவது, ஊற்றுக்குழாயையும் டாங்கியையும் சேர்க்கும் பருத்த ரப்பர் குழாயும், அதனை இறுக்கும் வளையங்களும். இவை இருக்கைக்குப் பின்னால் மறைந்திருப்பதால் பல்லாண்டுகள் ஒருவர் கண்ணிலும் படா. பழைய ரப்பருள் சில, எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோலைத் தாங்கமாட்டாமல் மென்மையாகியோ வெடித்தோ கெடுவதும் உண்டு. இருக்கையின் சாய்மானத்தை முன்னே மடக்கி, குழாயை மெல்ல வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தோன்றும்.

நான்காவது, காற்றுக்குழல். இது கெடும் வகை இரண்டு. குழல் அறைக்குள்ளே பிளந்தாலோ கழன்றாலோ, வெளியே போகவேண்டிய ஆவி முழுவதும் நேராக அறைக்குள் பாயும். மணம் மிகக் கடுமையாக இருக்கும். அன்றி, குழல் மடிந்தோ அடைபட்டோ போனால், ஆவி ஊற்றுக்குழாய் வழியே எதிர்த்து வரும். அப்பொழுது பம்பின் குழாய்முனை, டாங்கி நிறையாதிருக்கவும் "டக்" என்று அடிக்கடி தானே நின்றுவிடும். அம்முனையின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் அத்துளையை மறைத்தவுடன் ஓட்டம் நிற்கும்படி அஃது அமைக்கப்பட்டுள்ளது. எதிர்த்து வரும் ஆவியால் பெட்ரோல் தெறித்து அத்துளையை மறைப்பதே இடையில் நிற்றற்குக் காரணம். ஆகவே, அடிக்கடி நிற்கும் பம்பும் அறைக்குள் வரும் மணமும் ஒருங்கே காணப்படின், காற்றுக்குழலை முதலில் ஐயுறுக.

ஐந்தாவது, டாங்கியில் உள்ள பெட்ரோலின் அளவைக் காட்டும் மிதவை பொருத்தப்பட்ட தட்டும், அதன் அடியில் உள்ள ரப்பரும். இவ்விடத்துக் குற்றமாயின், தட்டைச் சுற்றிக் கறையும் ஈரத்தில் ஒட்டிய தூசியும் காணப்படும். ஆறாவது, துருவால் டாங்கியிலேயே உண்டான நுண்துளை. இதுவாயின் மணம் நிரப்பும்பொழுது மட்டும் வாராது, எப்பொழுதும் இருக்கும். ஆதலின் காலத்தைப் பற்றிய முதல் வினாவே இதனைப் பெரும்பாலும் நீக்கிவிடும்.

ஐயம் தீராதவிடத்து, இணைப்புகளை நன்கு துடைத்து உலர்த்தி, ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைத் துணித்துண்டைக் கட்டி வைத்து, அடுத்த முறை நிரப்பியபின் அவிழ்த்துப் பார்க்கலாம். கறையும் வாடையும் எத்துணியில் உளவோ, அத்துணியே சான்று கூறும். ஆவி மட்டும் கசியும் நுண்ணிய பிளவாயின், தேர்ந்த மெக்கானிக்குகள் டாங்கியின் குழாய்களுள் மெல்லிய புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தி, புகை எங்கே வெளிப்படுகின்றது என்று பார்ப்பர். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதை அளவை நூலார் எடுத்துக்காட்டாகக் கூறினர். இங்கோ புகையைக் கொண்டு பிளவை உணர்கின்றனர்.

காரணம் விளங்கியபின் மருந்து அரிதன்று. கெட்ட ரப்பர் குழாய்க்கு ஈடாகப் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட குழாயை இடுதல் வேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்துதல் தகாது, பெட்ரோல் அதனை விரைவில் கெடுத்துவிடும். பிளவின்மேல் கண்ட பசையைப் பூசுவதும் அத்தகையதே. டாங்கியில் துளை உண்டெனின், பெட்ரோலை வடித்துவிட்டு வெல்டிங் செய்யலாம் என்று எண்ணுவோர் உளர். அது பெரும் பிழை. நிறைந்த டாங்கியில் ஆவிக்கு இடம் சிறிதே; வடித்த டாங்கியிலோ ஆவியும் காற்றும் கலந்து, பொறிக்குக் காத்து நிற்கும். அவ்வேலை, டாங்கியை முற்றும் கழுவி ஆவியைப் போக்கும் முறை அறிந்தவர்க்கே உரியது.

சோதனை செய்வோர்க்கும் சில விலக்குகள் உண்டு. தீக்குச்சி, சிகரெட்டு, பொறி எழும் விளக்கு ஆகியவை அணுகலாகா. நிரப்பும்பொழுது மணத்தை முகர்ந்து பார்த்தற்பொருட்டு அறைக்குள் ஏறி அமர்ந்து, மறுபடியும் இறங்கிப் பம்பின் குழாய்முனையைத் தொடுதல் மிகக் கொடிது. இருக்கையில் உடை உராய்வதால் உடலில் மின்சாரம் ஏறும். அது விரல்நுனியிலிருந்து குழாய்முனைக்குப் பொறியாகப் பாய்ந்து தீப்பற்றிய நிகழ்ச்சிகள் பல உள. மணம் கடுமையாக இருப்பின், இயந்திரத்தைக் கிளப்பலாகாது. எந்தச் சுவிட்சையும் தொடலாகாது. இரு கதவுகளையும் திறந்து, காற்றோட்டத்தால் ஆவி நீங்கும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். விரைந்து விலக வேண்டின், வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போகலாம். உடன் வந்த சிறுவரையும் உறங்குவோரையும் நிரப்புதற்கு முன்னரே இறக்கிவிடுதல் நன்று.

புதிய லாரிகளில் டாங்கி அறைக்கு வெளியே, சரக்குத் தட்டின் அடியில் உள்ளது. அன்றியும், டாங்கியினின்று ஆவி வெளியே பரவாதிருத்தற்பொருட்டு, 1971ஆம் ஆண்டு அமைப்பு முதல் அமெரிக்கக் கார்களில் கரி நிறைந்த கலம் ஒன்று வைக்கப்பட்டது. கரி ஆவியைப் பற்றிக்கொள்ளும். பின்னர் இயந்திரம் அதனை உறிஞ்சி எரித்துவிடும். நிரப்பும்பொழுது எழும் ஆவியையும் இவ்வாறே பிடிக்கும் அமைப்பு 1998ஆம் ஆண்டு முதல் கார்களிலும், 2001ஆம் ஆண்டு முதல் சிறு லாரிகளிலும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. இவற்றிலும் மணம் வருமாயின், ஆராயும் முறை முன்னையதே. ஐயுறத்தக்கவை மட்டும் வேறு. பம்பு தானே நின்றபின்னும் "இன்னுஞ் சிறிது" என்று வற்புறுத்தி ஊற்றுவதால், பெட்ரோல் கரிக்கலத்துள் புகுந்து அதனைக் கெடுப்பதுண்டு. ஊற்றுக்குழாய் சேற்றாலும் உப்பாலும் துருப்பிடித்துத் துளைபடுவதுண்டு. ஓட்டுநர் அறையின் பின்சுவரில், உட்காற்று வெளியேறுதற்கென்று அமைத்த துளைகளின் ரப்பர்த் தடுக்குகள் கெட்டு, வெளியிலுள்ள ஆவியை உள்ளே விடுவதும் உண்டு.

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். மூக்கு நல்ல காவலனே. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு பெட்ரோல் ஆவி இருப்பினும் அறிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. ஒரே மணத்தில் சில நிமிடங்கள் இருந்தால், அது சலித்து வாளாவிருந்துவிடும். ஆவி அறையில் இருந்தபடியே இருக்க, உள்ளிருப்பவர் "வாடை போய்விட்டது" என்பர். போனது வாடையன்று, அறியும் ஆற்றலே. ஆதலின் சோதனையின் முடிவை, வெளிக்காற்றில் நின்ற வேறொருவரை அழைத்து முகரச் செய்தே துணிதல் வேண்டும். நாள்தோறும் அவ்வறையில் அமர்ந்து பழகிய ஓட்டுநர், "இந்த வண்டி என்றும் இப்படித்தான்" என்று சொல்வாராயின், அச்சொல்லே நமக்கு மிகுந்த அச்சத்தைத் தருதல் வேண்டும். மனச்சான்றுக்கும் இந்நிலை உண்டு என்பதை நாம் அறிவோம். முதல் நாள் உறுத்திய குற்றம் பத்தாம் நாள் உறுத்துவதில்லை. இறைவன் நமக்கு வைத்த காவலர் இருவரும் முதன்முறை கூவும்பொழுதே எழுந்து சென்று காரணத்தைத் தேடுதல் அறிவுடைமையாம். தேடும்பொழுது கைக்கு எளிதில் அகப்பட்ட மூடியைப் பழியாமல், மணம் எழுந்த காலத்தையும் அது வந்த வழியையும் கேட்டுத் தெளிவோமாக.